சாய்ந்து ஓடும் ஜீப்

பசறை டவுனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். ஷொக் மாமாவின் ஜீப்பில் தலையை இடித்துக்கொண்டவர்கள் ஒரு வகை. இனிமேல் இடித்துக்கொள்ளப் போகிறவர்கள் இன்னொரு வகை. தோட்டத்துப் பாடசாலைக்கு வாத்தியாராகப் போன முதல் நாளே நான் முதல் வகையில் சேர்ந்துவிட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் பெண்சாதி சொர்ணம் அத்தைக்கே மறந்திருக்கும். வண்டியின் குலுக்கலைத் தாங்குகிற ஷொக் குழாய்களைத் தவிர அவர் வேறெதையும் பேசமாட்டார். மழை வருமா என்று கேட்டால்கூட, "வந்தா முன் ஷொக்குல சேறு ஏறும் சேர்" என்பார்.

நோயாளிகளையும் மரக்கறி மூட்டைகளையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து பசறைக்குக் கொண்டுபோவதுதான் அவர் தொழில். மூட்டைகள் குறை சொன்னதில்லை. குலுக்கலைக் குறை சொன்னது அத்தைதான். கொழுந்து பறிக்கிற மலையில் வழுக்கி விழுந்து இடுப்புப் போனவள்; நல்ல கனத்த சரீரம் வேறு. மொனராகலையில் கட்டிக்கொடுத்த ஒரே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை எடை குறைவு, மலைக் குளிருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அத்தைதான் போய்ப் பார்க்க வேண்டும்.

"பஸ்ல ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் வண்டி வச்சிருக்கேன், எம் பொண்டாட்டி பஸ்ல போறதா? அதுல ஸ்பிரிங்கா இருக்கு? பாறாங்கல்லுல்ல இருக்கு! ஒன் இடுப்பு தாங்குமா? கொஞ்சம் பொறு. தொட்டில்ல போற மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

அன்று பிடித்தது பைத்தியம்.

முதலில் ஸ்பிரிங் பட்டைகளில் பாதியைக் கழற்றி எறிந்தார். வண்டி மெத்தையாகத்தான் ஆனது. ஆனால் வளைவுக்கு வளைவு சாய்ந்தது. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு அந்த ஜீப்பைத்தான் பிடித்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் மாப்பிள்ளை மாமியார் மடியில் விழுந்தார். அடுத்த வளைவில் மாமியார் மாப்பிள்ளை மடியில். கோயிலில் இறங்கும்போது மணப்பெண் ஒருத்திதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சரி, மெத்தை வேண்டாம் என்று பதுளையிலிருந்து பழைய லொறிப் பட்டைகளை வாங்கி வந்து பூட்டினார். வண்டி சாயவில்லை. அதற்குப் பதிலாக எங்களைத் தூக்கி எறிந்தது. சம்பள விஷயம் விளக்க வந்த தொழிற்சங்கத் தலைவர் தோட்டத்து மேல் டிவிஷனில் ஜீப்பிலிருந்து இறங்கி, மைக்கைப் பிடித்து, "தோழர்களே" என்றார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான் என்று கங்காணி இன்றும் சொல்கிறார்.

"வெறும் வண்டியில ஸ்பிரிங் வேல செய்யாது சேர். ஆளு ஏறுனாத்தான் பட்டை வளையும்" என்று ஒருநாள் மாமா கண்டுபிடித்தார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கே ஜீப்போடு வந்துவிட்டார். கங்காணி மலைக்கு ஆள் பிரிக்க, இவர் ஜீப்புக்கு ஆள் பிரித்தார்.

"அண்ணே, நீங்க பின் டயருக்கு மேல. அக்கா, நடுவுல ஒக்காருங்க, அசையக்கூடாது."

"யோவ், இது பெரட்டா, ஒன் வண்டிக்கு மூட்ட ஏத்துற எடமா?" என்று கங்காணி கத்தினார்.

அத்தை உட்கார வேண்டிய முன் இடப்பக்க இருக்கையில் ஓர் அரிசி மூட்டை; அதன்மேல் ஒரு கோப்பை பிளேன்டீ. பசறை போய்ச் சேரும்வரை சொட்டுச் சிந்தக்கூடாது. அதுதான் சோதனை. சிந்தியது. பட்டையை மாற்றுவார், ஷொக்கை மாற்றுவார், மறுபடியும் சிந்தும்.

அத்தை லயத்து வாசலில் நின்று கத்துவாள். "டீ சிந்துனா சிந்திட்டுப் போவுது! நானா டீ? பேத்திக்குப் பல்லு மொளைக்கிறதுக்குள்ள என்னயக் கொண்டு போய் விடுய்யா!"

"இன்னும் கொஞ்சம் புள்ள. இடப்பக்கம் மட்டுந்தான் பாக்கி."

நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! பிள்ளை தேறியதும் மகள் தானே வருகிறேன் என்றாள். "நாங்கதான் வாறோம், நீ அலையாத" என்று அதையும் தடுத்துவிட்டார். பேத்தி குப்புறப் படுத்தாள், தவழ்ந்தாள், பல்லும் முளைத்தது. எல்லாவற்றையும் அத்தை ஃபோனில்தான் பார்த்தாள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தையின் கனத்துக்கென்றே இடப்பக்கம் ஒரு தடித்த பட்டையைச் சேர்த்தார். அன்று டீ சிந்தவில்லை. பசறை பஸ் நிலையத்தில் ஜீப்பை நிறுத்தி, ஆறிப்போன அந்தக் கோப்பையைப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார். ஞாயிறு பயணம் என்று முடிவாயிற்று. அத்தை பேத்திக்கு ஒரு கவுன் வாங்கிப் பையில் மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை தேத்தண்ணி போட எழுந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். பிறகு எழும்பவில்லை.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொனராகலையிலிருந்து வந்தாள், பஸ்ஸில்தான். மாமா குழந்தையை வாங்கக்கூட இல்லை.

"குலுங்குச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா. பாப்பா தூங்கிட்டே வந்தா."



இப்போது அந்த ஜீப் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓடுகிறது. இடப்பக்கத்துத் தடித்த பட்டையை அமுக்க ஆள் இல்லை. பதுளை மெக்கானிக் ஒருவர், "அந்த ஒரு பட்டையக் கழட்டுனா நேராயிரும்" என்றாராம். மாமா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"அது அவ பக்கம் சேர்" என்றார் என்னிடம்.

"அரிசி மூட்டையாவது வச்சு ஓட்டலாமே, மாமா?"

"அவ இருந்தப்ப மூட்டையத்தானே ஒக்கார வச்சு ஓட்டுனேன். இனி வேணாம்."

நான் மாற்றலாகி அப்புத்தளைக்கு வந்துவிட்டேன். பசறைப் பக்கம் போனால் அந்த இருக்கையில் ஏறி உட்காருவேன். மாமா இறங்கி, எட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வண்டியை அளப்பார்.

"ம்ஹும். ஒங்க கனம் பத்தல சேர்."

அதனால் இப்போதெல்லாம் வீட்டில் ரொட்டி ஒன்று கூடவே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.