பாதாளச் சீட்டில் கீழத்தெரு எடுத்த புதையல்

ஏழு மலைகளையும் எண்ணி முடித்தவர்களுக்கு எட்டாவதாகத் தெரிவது கூகைநாடு. அங்கே ஆற்றுத் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சீட்டாட்டம்தான் தீர்மானிக்கும். அதன் பெயர் பாதாளச் சீட்டு.

அறுபது சீட்டுகள் கவிழ்த்து அடுக்கியிருக்கும், அதுதான் பாதாளம். ஒவ்வொரு சீட்டும் ஓர் அறை. திருப்பினால் பூதம் வரலாம், புதையல் வரலாம், வெறும் ஒட்டடையும் வரலாம். பூதம் வந்தால் கையிலிருக்கும் வாள் சீட்டைப் போட்டு வெட்ட வேண்டும். வாள் இல்லாதவர் செத்தார். நாலு அறைக்கு ஒரு விளக்குச் சீட்டு அணையும். கடைசி விளக்கு அணைவதற்குள் "ஏறுறேன்" என்று கத்திவிட்டால், எடுத்த புதையல் ஆடியவரின் தெருவுக்குச் சொந்தம். புதையல்களில் பெரியது மதகுச் சீட்டு. அது வந்தால் ஐந்து ஆண்டுக்குத் தண்ணீர்.

கீழத்தெரு தண்ணீரைப் பார்த்துப் பதினைந்து ஆண்டு. இந்த முறை அந்தத் தெருவுக்காக ஆட உட்கார்ந்தவள் இட்லிக்கடை அங்காயி. கையில் ஐந்து வாள், மூன்று விளக்கு. மாமன்னர் ஏகச்சக்கரர் ஊஞ்சலில் ஆடியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு அறையிலும் பூதம். இரண்டு வாளைப் போட்டு இரண்டையும் வெட்டினாள். கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. உடனே முரசு ஒலித்தது. விதித்துறை அமைச்சர் பரமகுணசீலர் எழுந்தார்.

"வெளிச்சத்தில் மக்களின் கண் கூசுவதைக் கண்டு மன்னரின் திருவுள்ளம் உருகியது. ஆகவே இரண்டு விளக்குகள் அரண்மனையில் பாதுகாக்கப்படும்."

"இருட்டுல எப்படிங்க ஆடுறது?" என்றாள் அங்காயி.

"இருட்டு எல்லோருக்கும் சமம் அம்மா. இதைவிடச் சமத்துவம் உண்டா?"

மிஞ்சியது ஒரே விளக்கு. மூன்றாம் அறையில் மூன்று தலைப் பூதம். அங்காயி வாளை ஓங்கினாள். மறுபடியும் முரசு.

"பூதங்கள் இனி விருந்தினர் என்றே அழைக்கப்படும். விருந்தினரை வெட்டுவது நம் பண்பாடு அல்ல. கையிலுள்ள வாள்களையெல்லாம் அவருக்கே பரிசளிக்கவும்."

மூன்று வாளும் போயின. இன்னும் ஒரே அறை; அதோடு விளக்கும் அணைந்துவிடும்.

"ஏறிடுக்கா! உசுராச்சும் மிஞ்சும்!" என்று அலறினாள் பக்கத்து வீட்டு மருதாயி.

"வெறுங்கையோட வந்து யாரு மூஞ்சில முழிக்கச் சொல்ற? சும்மா இருடி!"

அங்காயி கை நீட்டியபோது மூன்றாவது ஆணை வந்தது. மன்னரின் திருமுகம் இல்லாத சீட்டு அனாதைச் சீட்டாம். அதிகாரிகள் பசைச் சட்டியோடு ஓடி வந்தார்கள். மீதிச் சீட்டுகளில் ஒன்று விடாமல் மன்னர் படத்தை ஒட்டினார்கள். ஒட்டிய வேகத்தில் அடியிலிருந்த எழுத்தும் உருவமும் முழுசாக மறைந்துபோயின.

அங்காயி திருப்பினாள். சீட்டில் ஏகச்சக்கரர் சிரித்தார்.

"ஏறுறேன்!"

அங்காயி அந்தச் சீட்டை அமைச்சரிடம் நீட்டினாள்.

"ஐயா, இது புதையலா, பூதமா? நீங்களே சொல்லுங்க."

அமைச்சர் வாயைத் திறந்தார். ஊஞ்சல் நின்றிருந்தது. வாயை மூடினார்.

"கிழிச்சுப் பாத்துரட்டுமா?"

"ஐயையோ, மன்னரைக் கிழிக்கிறதா? கையை எடும்மா!"

"அப்ப பூதம்னு எழுதிக்குங்க."

அமைச்சரின் தலைப்பாகை நனைந்தது. "புதையல்! மாமன்னரே இந்நாட்டின் மாபெரும் புதையல்!"

மன்னர் மகிழ்ந்து தலையசைத்தார்.

"அப்ப எடுத்த புதையல் எங்க தெருவுக்குத்தானே?"

"அதில் என்ன சந்தேகம்?" என்று சொன்ன பிறகுதான் அமைச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மருதாயி, என்னடி வேடிக்கை பாக்குற? ஊஞ்சலோட சேத்துத் தூக்குங்கடி!"

அமைச்சர் வாயிலிருந்து வந்த ஆணையை மீற யாருக்கும் துணிச்சல் இல்லை. காவலர்களும் ஒரு கை பிடித்தார்கள்.

முதல் நாள் மன்னர் கீழத்தெருவில் உரையாற்றினார். இரண்டாம் நாள் குளிக்க வெந்நீர் கேட்டார். "தண்ணி வந்தா குடுக்க மாட்டமா ராசா?" என்றாள் அங்காயி. மூன்றாம் நாள் காலை மதகு திறந்தது. நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் தெருவுக்குள் பாய்ந்தது. குடத்தோடு ஓடியவர்கள் குடத்தை விட்டுவிட்டு அப்படியே படுத்துப் புரண்டார்கள்.

மன்னரை அழைத்துப் போக அமைச்சர் பல்லக்கோடு வந்தார். அவருக்கு முன்பே அங்காயியின் வாசலில் மேட்டுத்தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"அக்கா, அரண்மனைக்கு அனுப்பிடாதீங்க. எங்க தெருவுக்கு ரோடு போடணும். ஒரு வாரம் எங்ககிட்ட குடுங்க."