ருசினாவின் விரல் காத்த படலம்

வாழ்க தாய்ஸ்தோ! பனிப்புயல் கிழித்துப் பேருந்து செலுத்தும் பெருந்தகை வாழ்க! வடகோடிப் பனிநாடு ஒன்றில் உறைந்து கிடக்கும் கல்லாவேசி ஏரிக்கரையில், குவோப்பியோ மாநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், வலக்காலில் ஒரு நிறமும் இடக்காலில் ஒரு நிறமுமாகக் காலுறை தரித்துக் கொலுவீற்றிருக்கும் கோமான் வாழ்க! பிறக்குமுன்பே வீரம் அறிந்தார்கள் போலும், அவனைப் பெற்றவர்கள் தங்கள் மொழியில் 'போர்' என்றே அவனுக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் ஐம்பது வயது கடக்கும் வரை, காலாவதியான பயணச்சீட்டோடு ஏறுகிறவர்களைத் தவிர வேறு பகைவரை அவன் கண்டதில்லை.

களத்தில் ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பரணி பாடு என்கிறது மரபு. ஓர் ஓணானின் ஒற்றைக் கால்விரலைக் காத்தவனுக்கு என்ன பாடுவது என்று எந்தப் பாட்டியலும் சொல்லவில்லை. அது இலக்கணம் வகுத்தவர்களின் குற்றமே ஒழிய நம் நாயகனின் குற்றமன்று. ஆகவே, அவையோரே, சொற்குற்றமும் பொருட்குற்றமும் பொறுத்து, கொறிக்க ஏதேனும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நாயகியைச் சொல்வேன். முள்முடி சூடியவள், மணல்நிற மேனியாள், சினந்தால் கழுத்துத் தாடி கருக்கும் சீற்றத்தாள், ஆஸ்திரேலியப் பாலையில் பாறைமேல் வெயில் காய்ந்த தொல்குடி வழித்தோன்றியும் பாலையைக் கனவிலும் காணாதவள், விளக்கே ஞாயிறாய், கண்ணாடித் தொட்டியே ஞாலமாய் ஆள்பவள். தாடி ஓணான் என்பது இனப்பெயர். ருசினா என்பது இடுபெயர். உலர்ந்த திராட்சைக்கு அந்நாட்டார் வழங்கும் சொல் அது. தாய்ஸ்தோவின் மனைவி மெர்யா வைத்த பெயர். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது மூடர் செயல் என்பார்கள். வேலியும் வேட்டியும் இல்லாத அந்நாட்டில் மெர்யா அதைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நாள்முழுதும் ரயிலில் வந்தாள். குத்துதே குடையுதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இனிப் பகைவனைச் சொல்வேன். பகைவன் வெளியிலிருந்து வந்தவன் அல்லன். உடன்பிறந்தே கொல்லும் வகையினன். அவன் பெயர் பழந்தோல். ஓணான் வளர வளரத் தோல் உரியும். தலையில் உரியும், முதுகில் உரியும், கந்தல் பாவாடையாய்த் தொங்கி விழும். ஆனால் பனிக்காலத்தில், வீடு முழுதும் சூடேற்றிக் காற்றைச் சருகாய் உலர்த்தும் அந்த ஊரில், தோற்றோடும் பழந்தோல் கடைசியாய்க் கால்விரல் நுனியில் கோட்டை கட்டி ஒளிந்துகொள்ளும். அங்கே வளையமாய் இறுகும். இறுகினால் குருதி நிற்கும், குருதி நின்றால் விரல் கருகும், கருகினால் உதிரும்.

உதிர்ந்தும் இருக்கிறது. சென்ற பனிக்காலத்தில் மெர்யா ஊரிலில்லாத ஒரு வாரம், பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்களித்த தாய்ஸ்தோ தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெர்யா திரும்பி வந்தபோது தொட்டி மணலில் ஒரு விரல்நுனி கருத்த அரிசிமணி போலக் கிடந்தது. அவள் திட்டவில்லை. தனக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டு போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த நாட்டில் காபியைத் தனியாகப் போட்டுக் குடிப்பது மணமுறிவுக்கு முந்தைய படி. தாய்ஸ்தோவுக்கு அன்று நெஞ்சில் தைத்த முள் இன்னும் எடுபடவில்லை.

இவ்வாண்டு மீண்டும் தை பிறந்தது, மீண்டும் தோல் உரிந்தது, மீண்டும் மெர்யா புறப்பட்டாள். ஓவுலு நகரில் தங்கை வீடு மாறுகிறாள், பெட்டி தூக்க ஆள் வேண்டும். வாசலில் கழுத்துத்துணி சுற்றிக்கொண்டே அவள் கட்டளையிட்டாள்:

"பின்னங்கால்ல ஒரு விரல்ல தோல் நிக்குது. பிய்க்காத. தானா கழண்டு வரணும். வெதுவெதுன்னு தண்ணி, அவ முட்டி நனையற அளவுக்குத்தான். மெல்லிசு பிரஷ். பிய்ச்சேன்னு வையி, வந்து உன் தோல உரிச்சிடுவேன்."

"சரி."

"போன வருசமும் இதே சரியத்தான் சொன்ன."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இன்னொரு விரல் போனால் போவது விரல் மட்டுமன்று என்பது தாய்ஸ்தோவுக்குத் தெரிந்திருந்தது.

முதல்நாள் போர் சமையலறையில் நடந்தது. சோற்றுத்தட்டு வைக்கும் மேடையில் கிண்ணம் வைத்து, வெந்நீரும் தண்ணீரும் கலந்து, பல்துலக்கும் பிரஷை வேலாய் ஏந்தி, துவாலையைக் கேடயமாய்த் தோளிலிட்டு நின்றான் வீரன். ஆனால் அன்று காலைதான் அவன் வண்டி நிறுத்துமிடத்துப் பனியை வாரித் தள்ளியிருந்தான். மரத்துப்போன அந்தக் கைக்கு வெதுவெதுப்பாய்ப் பட்ட நீர், மற்ற உயிர்களுக்கெல்லாம் ஏரிநீர். இறக்கிவிட்ட கணமே ருசினா எகிறினாள். கிண்ணம் கவிழ்ந்தது. வெள்ளம் அடுப்பைச் சூழ்ந்தது. முள்முடியாள் திரைச்சீலை பற்றி ஏறிக் கம்பியுச்சியில் அமர்ந்து, தோற்ற நாட்டைப் பார்க்கும் அரசிபோல் கீழே பார்த்தாள். தாய்ஸ்தோ நாற்காலிமேல் ஏறிக் கரப்பான் ஒன்றைக் கையூட்டாய் நீட்டினான். கையூட்டை வாங்கி உண்டாள். காரியம் செய்து தரவில்லை. அந்த அளவில் அவள் உலகியல் அறிந்தவள்.

சனிக்கிழமை பிற்பகல் விரல் வீங்கியிருந்தது. நுனி சிவந்து, வளையம் பதிந்து கிடந்தது. மெர்யாவின் ரயில் மாலையில் வருகிறது. வியர்த்தது தாய்ஸ்தோவுக்கு. வியர்த்ததும், அந்நாட்டில் பிறந்த எவனுக்கும் தோன்றுவதே அவனுக்கும் தோன்றியது.

"சவுனா!" என்று முழங்கினான் வெறும் கூடத்தில். "சவுனாவுல தீராத சங்கடம் உண்டா?"

கல்லைக் காய்ச்சி நீர் வார்த்து, எழும் ஆவியில் வியர்த்துக் குளிக்கும் அறை அது. எண்ணிப் பாருங்கள், அவையோரே. அவன் சளி தீர்ந்தது சவுனாவில். இடுப்புப் பிடிப்பு விட்டது சவுனாவில். மெர்யாவிடம் மணம் பேசியதும், மாமனாரோடு மனத்தாங்கல் தீர்ந்ததும், பாட்டனை இறுதியாகக் குளிப்பாட்டியதும் சவுனாவில். சவுனாவும் சாராயமும் பைன்மரத் தாரும் குணமாக்காத நோய்க்குக் குழிதான் மருந்து என்பது அம்மக்களின் வேதவாக்கு. போதாக்குறைக்கு ருசினா பாலைக்குலத்தாள். வெயிலுக்கென்று பிறந்த பிராணி; வெப்பத்துக்கென்று கட்டிய அறை. இரண்டையும் சேர்த்துவைக்க இத்தனை நாள் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அவன் வியந்தான். தோன்றாததற்குக் காரணம் இருந்தது.

அந்தக் குடியிருப்பில் நிலவறைச் சவுனா பொதுச்சொத்து. வாரத்துக்கு ஒரு மணிநேரம் வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தது. தந்தைக்குப்பின் தனயன் அடையும் உரிமை. சனி மாலை ஐந்து மணி தாய்ஸ்தோ குடும்பத்தினுடையது. ஆறு மணி இரண்டாம் மாடி ரைலியினுடையது. வரித்துறையில் பணிசெய்து ஓய்ந்தவள், குடியிருப்புச் சங்கத்தின் தலைவி. அவளுடைய ஆறு மணியில் ஒரு நொடி கடித்தவர் அந்தக் கட்டடத்து வரலாற்றில் இல்லை.

ருசினாவைப் பிடிக்கவே தன் மணிநேரத்தில் பெரும்பகுதி போன பின், வஞ்சி சூடிப் படையெடுத்தான் தாய்ஸ்தோ. துவாலைக்குள் ருசினா, வாளிக்குள் பிரஷ், காலில் ரப்பர்ச் செருப்பு முரசறைய நிலவறை புகுந்தான். ஆடை களைந்தான். சவுனாக் கதவைத் திறந்தான். கல்லடுப்பு ஊழித்தீயாய்க் கனன்றது. உட்காரும் பலகைகளுள் தாழ்ந்ததில் துவாலை விரித்து ருசினாவை வைத்து, தானும் பக்கத்தில் அமர்ந்து, கல்மேல் நீர் வார்க்க அகப்பையை எடுத்தான்.

அப்போது பார்த்தான். அவள் தாடி கரியாய்க் கருத்திருந்தது. வாய் திறந்திருந்தது. உடல் தட்டையாய் ஒட்டிப்போய், கண்கள் அவனையே பார்த்தன. அவள் குலம் வெயில் காயும். சூடு மிஞ்சினால் பாறைக்கடியில் ஓடி ஒளியும். இங்கே பாறையெல்லாம் அடுப்பில் இருந்தது. விரலைக் காக்க வந்து உயிரையே கொன்றுவிட்டேனோ என்று அந்தப் பெரிய மனிதன் அஞ்சினான்.

அகப்பையை எறிந்தான். ருசினாவை நெஞ்சோடு அணைத்தான். புறமுதுகிட்டு ஓடுவது இழிவென்பர். நான் சொல்கிறேன், அன்று அவன் செய்த முதல் அறிவான காரியம் அதுதான். ஒரே தாவில் வெளியே குளிக்கும் அறைக்கு வந்து நின்றான். நின்ற இடத்தில், நீராவிக்கு நடுவே, கையில் இலைக்கட்டு ஊறும் தொட்டியோடு ரைலி நின்றாள்.

அவன் பிறந்தமேனியாய் நின்றதை அவள் பொருட்படுத்தவில்லை. அங்கே அதுதான் உடை. மார்பில் ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருந்ததையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஆறு."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா இங்க நிக்கிற?"

"விரல் போயிடும் ரைலி. கொஞ்சம் இடம் குடுங்க."

"யாரு விரலு?" அவன் கைகளைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள், பிறகுதான் மார்பைப் பார்த்தாள். "இது என்னப்பா இது?"

"ஓணான். மெர்யாவோடது. தோல் உரியாம நிக்குது. போன வருசம் ஒண்ணு போச்சு, என்னாலதான். இதுவும் போச்சுன்னா..." ருசினாவின் பின்னங்காலைத் தூக்கிக் காட்டினான்.

"ஓணானுக்கெல்லாம் சங்கம் நேரம் ஒதுக்கலையே," என்றாள் ரைலி. சொல்லிவிட்டு வீங்கிய அந்த விரலைக் குனிந்து பார்த்தாள். அங்கே நிகழ்ந்தது, அவையோரே, தலையைக் கொடுத்த வள்ளல்களும் கற்றுக்கொள்ள வேண்டிய ஈகை. சவுனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளவென்று கோடையில் கட்டி உறைபெட்டியில் காத்த பிர்ச் மர இலைக்கட்டை, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தாள் அவள். இலை நோகாத சூடு. பலகையில் உட்கார்ந்து அந்த இலைக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தொட்டியைக் கீழே வைத்துக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். தன் ஆறு மணியைத் தள்ளினாள்.

"சட்டுனு முடி. பார்த்துக்கிட்டே இருப்பேன்."

உழிஞைப் போர் தொடங்கியது. பாதி நீரைக் கொட்டி, முட்டி நனையும் அளவு விட்டு, ருசினாவை இறக்கினான். அவள் எகிறவில்லை. கருத்த தாடி மெல்ல வெளுத்தது. வாய் மூடியது. பிரஷை நனைத்து விரல்மேல் தடவினான், பூனைக்குட்டியை நீவுவதுபோல். பழந்தோலின் ஓரம் நிமிர்ந்தது. வெள்ளை நூலாய் அசைந்தது. ஒரு இழு, ஒரே ஒரு இழு, முடிந்துவிடும் என்றது அவன் கட்டைவிரல். ஆறு மணி தாண்டிவிட்டது என்றது சுவர். "பிச்சு எறிய வேண்டியதுதானே," என்றாள் ரைலி.

இங்கேதான் காவியம். மதயானையை அடக்கியோர் பலர். தன் இரு விரல்களை அடக்கியவன் அவன் ஒருவனே. பிய்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் ஈரத்தரையில் வலிக்க வலிக்கக் காத்திருந்தான். ரைலி இருமினாள், பெருமூச்சு விட்டாள், இலைக்கட்டால் தன் முழங்காலில் தட்டினாள். அவன் அசையவில்லை. கடைசியில் ருசினா சோம்பல் முறிப்பவள்போல் பின்னங்காலை நீட்டினாள். நீரில் ஒரு சின்னஞ்சிறு காலுறை தனியே மிதந்தது. உள்ளே இளஞ்சிவப்பாய், முழுதாய், நகத்தோடு விரல் இருந்தது.

தாய்ஸ்தோ அழுதான். நீராவி என்று பிறகு சொன்னான்.

வெற்றி முழக்கம் எழுமுன், வெதுவெதுப்பான நீரில் அவள் குலத்தார் எல்லோரும் செய்வதை ருசினாவும் செய்தாள். ரைலியின் தொட்டியில், மலை மலையாய், மனநிறைவோடு.

"ஈரத்தோட நின்னா அவளுக்குக் குளிர் புடிச்சிடும், இதோ வந்து கழுவிடறேன்," என்று குளறி, ஓணானைத் துவாலையில் சுற்றி, இடுப்பில் வாளியை மறைப்பாய்ப் பிடித்து, மாடிப்படியை மூன்று மூன்றாய்த் தாவி மறைந்தான் மாவீரன்.

மெர்யா வந்தாள். பனித்தொப்பியைக் கழற்றுமுன் கண்ணாடித் தொட்டிக்குப் போனாள். விளக்கடியில் ருசினாவைத் தூக்கி, பின்னங்காலை விரித்து, விரல் விரலாய்ப் பார்த்தாள். நீண்டநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

அந்த மண்ணில் அச்சொல் ஏழு முரசுக்கும் ஒரு வெண்குடைக்கும் சமம். பிறகு சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பை எடுத்தாள். இரண்டு! முள் கழன்றது தாய்ஸ்தோவின் நெஞ்சிலிருந்து. வாகை சூடத் தலை தாழ்த்தினான் நம் கோமான். வானோர் பூமாரிக்குக் கூடையைச் சாய்த்தார்கள்.

அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் ரைலி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொட்டியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்தபடி.

"உங்க வீட்டு மகாராணி என் தொட்டியில வெச்சிட்டு வந்த சீதனம். சனிக்கெழம குளியலே போச்சு எனக்கு."

மெர்யா தொட்டியைப் பார்த்தாள். நீரில் மிதந்த பிர்ச் இலையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"சவுனாவுக்கா தூக்கிட்டுப் போன? ஓணானயா?"

"கொஞ்ச நேரந்தான்," என்றான் தாய்ஸ்தோ.

மெர்யா சுவரில் சாய்ந்து, தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு, சென்ற பனிக்காலத்திலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். ரைலியை உள்ளே அழைத்து மூன்றாவதாகவும் ஒரு கோப்பை எடுத்து வைத்தாள்.

தாய்ஸ்தோ தொட்டியைக் கொண்டுபோய்க் கழுவினான்.