சுண்ணாம்பு வைத்த விரதம்

கடவுள் பேரைச் சொல்லிப் பொண்டாட்டியிடம் பொய் சொன்னவர்கள் ஊரில் நிறைய இருக்கலாம். நான் சனீஸ்வரன் பேரைச் சொல்லிச் சொன்னேன். அதுவும் திருநள்ளாறில் குடியிருந்துகொண்டு. (தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் எது கைக்கு எட்டியதோ அதைப் பிடித்தேன்.)

எனக்கும் செல்விக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். நான் வேலை பார்க்கும் லாட்ஜில் உட்கார்ந்திருந்தபோது ஒரு போன். கல்யாணத்துக்கு முன்பு, புதுச்சேரியில் இருந்த காலத்தில் பழகிய பெண்.

“எனக்குக் கீழ மரு வந்திருக்கு. ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸாம். உனக்கும் இருக்கலாம், டாக்டரப் பாரு. உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிடு.”

இந்தக் கதையில் யோக்கியமாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான். நான் முதலில் செய்த காரியம், அவள் நம்பரை அழித்தது.

அடுத்தபடியாகக் காலி அறை ஒன்றில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை எங்கெங்கோ பிடித்துப் பார்த்தேன். கடுகளவு பொரிகள் நாலைந்து தெரிந்தன. பிறந்ததிலிருந்தே இருந்தனவா, நேற்று முளைத்தனவா? யாருக்குத் தெரியும்? அதுவரை அந்த இடத்தை நான் டார்ச் அடித்துப் பார்த்ததில்லை.

செல்விக்கு ஒட்டிவிடக் கூடாது, விஷயமும் தெரியக் கூடாது. அன்றே பாயை எடுத்துக் கூடத்தில் போட்டேன்.

“ஏழரைச் சனியாம். ஒரு மண்டலம் விரதம் இருக்கணும்னு ஜோசியர் சொல்லிட்டாரு. தனியாத்தான் படுக்கணுமாம்.”

“எந்த ஜோசியருங்க?”

“வழக்கமா பாக்குறவருதான்.”

“சரிங்க” என்றாள். அவ்வளவுதான்.

பூவம் கிராமத்திலிருந்த மாமியாருக்குச் செய்தி போனது. சனிக்கிழமை தவறாமல் எள்ளு சாதம் வந்தது. மாப்பிள்ளையின் பக்தியைச் சொல்லிச் சொல்லி அந்த அம்மாள் கண் கலங்கினார். கூச்சத்தில் எனக்கு அந்தச் சாதம் தொண்டையில் இறங்கவில்லை. (இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றது வேறு விஷயம்.)

விரதம் முடிய ஒரு நாள் இருந்தது. பொரிகள் அப்படியே இருந்தன. மறுநாள் உள் அறைக்குப் போயாக வேண்டும். கழுத்து மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பார்களே என்று ஞாபகம் வந்தது. வைத்தேன். கழுத்துத் தோலும் அந்தத் தோலும் ஒன்றில்லை என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துபோனது. துண்டைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

காலையில் மாமியார் குடும்பமே வேனில் வந்து இறங்கியது, என்னைக் கோயில் குளத்தில் முழுக்காட்டி விரதத்தை முடித்துவைக்க. எங்கெங்கோ இருந்து வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். சனி அதோடு போய்விடும். என் வேட்டியோ புண்ணோடு ஒட்டியிருந்தது.

“அத்தான், வேட்டிய விடுங்க!” என்றான் மச்சான் குமார்.

“இருக்கட்டும்டா.”

“சனி அதுலதான் இருக்கு அத்தான்!”

அவன் இழுத்தான். நான் விடவில்லை. படிக்கட்டில் இருந்த ஆந்திராக்காரர்கள் ஏதோ சடங்கு என்று கும்பிட்டார்கள். மூன்றாவது இழுப்பில் நான் போட்ட கூச்சலைச் சனீஸ்வரனே கேட்டிருப்பார்.

வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தார்.

“இது மருவே இல்ல. நெறைய ஆம்பளைங்களுக்கு இயல்பா இருக்கற பொரி. நீங்க வச்ச சூடுதான் வியாதி.”

போன் விஷயத்தையும் சொன்னேன்.

“அந்த வைரஸ் ரொம்பப் பேருக்கு வரும், பெரும்பாலும் தானா அடங்கிடும். ஆம்பளைக்கு வழக்கமா டெஸ்ட் கிடையாது. மரு வந்தா வாங்க, வைத்தியம் இருக்கு. உங்க வீட்டம்மா கர்ப்பப்பை வாய் பரிசோதனை பத்திக் கேட்டுக்கணும், தடுப்பூசி பத்தியும். நீங்க சொல்றீங்களா?”

வெளி பெஞ்சில் வைத்துச் சொன்னேன். செல்வி கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அது கல்யாணத்துக்கு முன்னாடி. விட்டுடறேன். இந்த நாப்பத்தெட்டு நாளு கல்யாணத்துக்கு அப்புறம்தானே?”

நான் என் வேட்டியைப் பார்த்தேன்.

“எம்மேல ஏதோ நாத்தம் அடிக்குதுபோலன்னு தெனம் ரெண்டு வேள குளிச்சேங்க.”

பரிசோதனைக்கு அவள் தனியாகவே போனாள். நானும் வரட்டுமா என்றதற்கு, “நீங்க புண்ணப் பாருங்க” என்றாள். ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தத் தாளை என்னிடம் காட்டவில்லை, வாயால்தான் சொன்னாள்.

குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம் நான் வேனல் கட்டிக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டேன் என்பதுதான். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் குமார் எழுந்து நின்று இழுத்துக் காட்டுவான்: “சனி போறேங்குது, எங்க அத்தான் போகவுடல!”

வீட்டில் நான் அரை நாள் பேசாமல் இருந்தால் போதும், செல்வி எல்லார் முன்னிலையிலும் கேட்பாள்: “என்னங்க, விரதமா?”

கூடமே சிரிக்கும். அவள் மட்டும் சிரிக்காமல், நான் பதில் சொல்கிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.