நிலக்கடலையின் சராசரி உயரம்

ஒரு பயிர் விளைய வேண்டுமென்றால் மண் வேண்டும், தண்ணீர் வேண்டும், படிவம் நாற்பத்தேழு வேண்டும். முதல் இரண்டும் இல்லாவிட்டால்கூட விளைந்ததாகக் காட்டிவிடலாம். மூன்றாவது இல்லாவிட்டால் மூட்டை மூட்டையாக விளைந்தாலும் விளைந்ததாக ஆகாது. இந்த உண்மையை நாட்டுக்குத் தந்தவர், வேளாண் துறைத் தலைமை அலுவலகத்தின் படிவப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நாற்காலியைத் தேய்த்த கண்காணிப்பாளர் ஒருவர். கதை அவரைப் பற்றியது.

படிவப் பிரிவு ஆறாவது மாடியில் இருந்தது. அங்கே பச்சை என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பிளாஸ்டிக் செடி. அதற்கும் சொத்துப் பதிவேட்டில் எண் உண்டு. வயல் என்பதைக் கண்காணிப்பாளர் நாட்காட்டிப் படத்தில் பார்த்திருக்கிறார். நிலக்கடலை என்றால் மாலை நாலு மணிக்குக் காகிதப் பொட்டலத்தில் வருவது என்ற அளவுக்குத் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பயிரை நேரில் பார்த்தவன் படிவம் எழுதினால் நடுநிலை கெட்டுவிடும் என்பது துறையின் கருத்து. அப்படி நடுநிலை கெடாமல் அவர் வகுத்ததுதான் படிவம் நாற்பத்தேழு. அதற்காகத் துறை ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. வீட்டுக் கூடத்தில் கல்யாணப் போட்டோவுக்கும் மேலே அது கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது.

இப்படி நிம்மதியாக இருந்த மனிதரை மண்ணில் பிடித்துத் தள்ளியது அந்த வருஷத்து நாகரிகம். அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க 'மண்ணுக்குத் திரும்புவோம்' என்று ஒரே பேச்சு. மூன்றாம் மாடி அம்மாள் பால்கனியில் ஒரு தக்காளியைக் காய்க்க வைத்து, அதைப் பற்றி நாலு கூட்டத்தில் பேசிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் செருப்பில்லாமல் லிஃப்டில் ஏறினார். கண்காணிப்பாளரின் மனைவி மட்டும் சும்மா இருப்பாரா? குளுகுளு மண்டபத்தில் மூன்று நாள் முகாமுக்குப் போய், தட்டில் வைத்து நீட்டிய மண்ணைக் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்து, அழுதுவிட்டு வந்தார்.

"என்னங்க, மண்ணு என்கிட்ட பேசுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"வான்னு சொல்லுச்சு."

"எழுத்துல குடுத்துச்சா?"

எழுத்தில் கொடுக்காத ஒன்றை நம்பி அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு அதுதான். விருப்ப ஓய்வு வாங்கினார். வீட்டை விற்றார். இரண்டு ஏக்கரும் ஓட்டு வீடும் வாங்கியாயிற்று. வாங்கியபோது ஒரு நிபந்தனை: நகரத்து ஆள் நிலம் வாங்கினால் ஒரு வருஷத்துக்குள் ஆய்வாளர் வந்து படிவம் நாற்பத்தேழை நிரப்பி, 'உண்மையான உழவர்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நிலம் துறைக்கே திரும்பும். நகரத்து வீட்டிலோ வேறு ஆட்கள் குடிவந்து திரைச்சீலைகூட மாட்டிவிட்டார்கள். ஆக, இது போனால் இருவரும் நடுத்தெருவில்தான்.

"பயப்படாதே. படிவம் நம்ம கைக்குழந்தை மாதிரி," என்றார் மனைவியிடம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

உழவு தொடங்கியது. கண்காணிப்பாளர் முதல் வேலையாகக் கோழிகளுக்கு வருகைப் பதிவேடு திறந்தார். ஐந்து கோழியில் ஒன்று அடிக்கடி அனுமதியின்றி விடுப்பில் போனது. பிற்பகலில் கூவிய சேவலுக்கு, உரிய நேரம் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கூண்டில் ஒரு தாள் ஒட்டினார். சேவல் அதைக் கொத்தித் தின்றுவிட்டது. பெற்றுக்கொண்டதாக அவர் குறித்துக்கொண்டார்.

மாடு வீட்டு அம்மாவின், அதாவது கண்காணிப்பாளர் மனைவியின், பொறுப்பு. பால் கறக்குமுன் மாட்டிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். அவரும் பேசினார். மாமியார் காலத்துக் கதை வரைக்கும் பேசினார். முழுக்கக் கேட்டுவிட்டு மாடு ஒரே உதை, வாளி வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டு வந்தவர்தான் அடுத்த நிலத்து அக்கா. வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. அதற்கு மூன்றாம் நாள் கொட்டுகிற மழையில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் குழாயுமாகக் கடலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கண்காணிப்பாளரைப் பார்த்து அந்த அக்கா வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, மழை பெய்யுது."

"தெரியுதுங்க. ஆனா அட்டவணைப்படி இன்னிக்குத் தண்ணி விடுற நாள்."

அக்கா நேரே வீட்டுக்குப் போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

ஊர் சிரிப்பாய்ச் சிரித்தாலும், கடலைச் செடி என்னவோ நன்றாக வந்தது. இலை வந்தது, மஞ்சள் பூ வந்தது. கண்காணிப்பாளர் தினமும் பூதக்கண்ணாடியோடு போய்க் கிளை கிளையாகத் தேடினார். காயைக் காணோம். ஆய்வாளர் வர இரண்டே வாரம். மனிதர் மனைவி மேல் பாய்ந்தார்.

"நீ செடிகிட்ட ஒழுங்காப் பேசுறியா இல்லையா?"

"தொண்டை கட்டிப் போச்சுங்க!"

வேறு வழியில்லாமல், மனைவியையும் கூட்டிக்கொண்டு வரப்பில் நின்ற அக்காவிடம் போனார். "அக்கா, எங்க பயிர் பொய்ச்சுப் போச்சு. ஒரு செடியிலகூடக் காய் தொங்கலை."

"எங்க தொங்கலை?"

"கிளையிலதான்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரோடு சேர்த்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். கொத்துக் கொத்தாகக் கடலை! சிரித்த சிரிப்பில் அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவும் சிரித்தார். கண்காணிப்பாளர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. கடலை மண்ணுக்கடியில் விளையும் என்று தெரியாததற்காக அல்ல. அந்த வெட்கத்தையெல்லாம் துடைத்துப் போட்டுவிடலாம். அவருக்கு நினைவு வந்தது ஒன்பதாம் கேள்வி. படிவம் நாற்பத்தேழு, கேள்வி ஒன்பது: 'நிலக்கடலை எனில், தரைமட்டத்திலிருந்து காய்களின் சராசரி உயரம்.' அவர் கையால் எழுதியது. அந்தக் கோப்பு ஐந்து மேசை ஏறி இறங்கியது. ஒரே ஒரு மேலதிகாரிதான் ஆட்சேபம் சொன்னார். அதுவும், 'அடி' என்றிருந்ததைச் 'செ.மீ.' என்று மாற்றச் சொல்லி.

"அப்ப... படிவத்துல உயரம் கேப்பாங்களே, அதுக்கு நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"என்ன பண்றது? நூல்ல கட்டுவோம்."

"எதை?"

"கடலையை. ரெண்டு வரிசையைப் பிடுங்கி, காயை ஆய்ஞ்சு, வரப்போரத்துச் செடிங்க கிளையில பச்சை நூல்ல கட்டி விடுவோம். ஆய்வாளர் வரப்பை விட்டு இறங்க மாட்டார், ஷூ அழுக்காயிடும். அளந்து எழுதிக்கிட்டுப் போயிடுவார். பதினோரு வருஷமா ஊரே கட்டுது. முதுகு கழண்டு போகுது தம்பி! இதை எழுதின புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சான்னு வைங்க, நூல்கண்டைக் குடுத்து என் காட்டு வரப்பு மொத்தமும் கட்ட வைப்பேன்."

"வைக்கணும்ங்க. அவனையெல்லாம் சும்மா விடக் கூடாது," என்றார் கண்காணிப்பாளர்.

அம்மா கணவனைத் திரும்பிப் பார்த்தார். ஊர் மாறியும் கூடத்தில் தொங்கிய பாராட்டுச் சட்டத்தைத் தினமும் துடைப்பவர் அவர்தானே. வீட்டுக்குள் போனதும்தான் வாயைத் திறந்தார்.

"கைக்குழந்தை நல்லா வளர்ந்திருக்கு."

"சத்தம் போடாதே. அக்கா காதுல விழும்."

அன்றே சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். எங்கே ஒளிப்பது? அக்கா அடுக்களை வரைக்கும் உரிமையோடு வருகிறவர்; இத்தனை நாள் அதை நின்று படிக்காததே அதிர்ஷ்டம். கடைசியில் கோழி முட்டையிடும் பெட்டிக்குள், வைக்கோலுக்கு அடியில் வைத்தார்கள். பிறகு இருவரும் வரப்போரம் குந்தி உட்கார்ந்து நாலு நாள் கடலை கட்டினார்கள். மனைவி கட்ட, கணவர் அளவுகோலை வைத்துச் சரிபார்த்தார்.

ஆய்வாளர் வந்தார். சின்ன வயசு, பளபளக்கும் ஷூ, இடுப்பில் அளவு நாடா. வேடிக்கை பார்க்க அக்காவும் வந்துவிட்டார். ஆய்வாளர் வரப்பில் நின்றபடியே குனிந்து பத்துச் செடியை அளந்தார். நெற்றி சுருங்கியது.

"பத்துச் செடியிலயும் சரியாப் பதினஞ்சு செ.மீ. எப்படிங்க?"

"நல்ல... சீரான விளைச்சல்ங்க."

"இது இயற்கையா இல்லையே! உண்மையான உழவர் யாரும் இவ்வளவு ஒழுங்காக் கட்ட மாட்டாங்க. ஆளை வச்சுக் கட்டினீங்களா? எனக்குச் சந்தேகமா இருக்கு. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக உதை வாங்கி, தொண்டை கட்டி, கை காய்த்துப்போன மண். இப்போதுதான் மாடு அவரைப் பார்த்தால் காதை ஆட்டத் தொடங்கியிருந்தது. "நாங்க எங்கேங்க போவோம்?" என்றார். அழுகை வந்தது. இந்த முறை தட்டு மண்ணுக்கு அழுதது போல இல்லை.

"மிச்சக் கேள்வியையும் முடிச்சுடறேன்," என்று ஆய்வாளர் நடந்தார். பதினாலாம் கேள்வி, முட்டைகளின் எண்ணிக்கை. கண்காணிப்பாளர் "அங்க வேண்டாம்ங்க!" என்று பாய்வதற்குள் பெட்டியின் மூடி திறந்தாகிவிட்டது. முட்டையைத் தேடிய கையில் சட்டம் வந்தது. ஆய்வாளர் கோழி எச்சத்தைத் துடைத்துவிட்டு உரக்கப் படித்தார்.

"'படிவம் நாற்பத்தேழை வகுத்தளித்த அரிய தொண்டினைப் பாராட்டி'... ஐயா! நீங்களா? பயிற்சியில உங்க படிவத்தைத்தானே எங்களுக்குப் பாடமா வச்சாங்க!"

சட்டென்று குனிந்து வணங்கினார். அக்கா குனியவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றார்.

மாட்டிக்கொண்ட பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? "தம்பி, அந்த ஒன்பதாம் கேள்வி தப்பு. கடலை மண்ணுக்கடியில விளையுது," என்று ஒப்புக்கொண்டார் கண்காணிப்பாளர்.

"தெரியும் ஐயா. எங்க அப்பா கடலை விவசாயிதான்."

"தெரிஞ்சுமா அளந்தே?"

"படிவத்துல இருக்கே! எழுதினவருக்கு ஏதோ ஆழமான காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

காரணமே இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆய்வாளர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு, முழங்காலில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா மடியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். கண்காணிப்பாளர் நூல்கண்டை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அக்கா காட்டு வரப்பு சுற்றிக் கட்டி முடிக்க ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் அக்கா ஒரு தூக்கு நிறையப் பால் கொண்டுவந்து வைத்து, "கை நல்லா நேராத்தான் இருக்கு தம்பிக்கு. கோணலாக் கட்டக் கத்துக்கணும்," என்றார். கோபம் அதோடு தீர்ந்தது.

முதுகு வலித்ததில் கண்காணிப்பாளருக்கு மனசாட்சியும் வலித்தது. துறைக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினார். நிலக்கடலை மண்ணுக்கு மேலே காய்ப்பதில்லை, ஒன்பதாம் கேள்வியை நீக்க வேண்டும், பிழை என்னுடையது என்று. "இப்பத்தான் மனுஷன்," என்றார் அம்மா. ஊரே அவரைத் தட்டிக்கொடுத்தது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அக்காவையும் வைத்துக்கொண்டு திண்ணமான குரலில் படிக்கத் தொடங்கினார். போகப் போகக் குரல் இறங்கியது.

'தங்கள் கடிதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. கடந்த பதினோரு ஆண்டுகளாக இவ்வட்டாரத்தின் உழவர் அனைவரும், ஒருவர் விடாமல், காய்களின் உயரத்தைப் பதிவு செய்துள்ளனர். காய்கள் மண்ணுக்கடியில் இருப்பதாக இதுவரை எந்த உழவரும் தெரிவித்ததில்லை. மேலும், துறையின் இடைவிடாத முயற்சியால் சராசரி உயரம் பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு செ.மீ. ஆக உயர்ந்துள்ளது. இந்நிலையில் இத்தகைய அடிப்படை உண்மையும் அறியாத தாங்கள் உண்மையான உழவர்தானா என்பது ஐயத்திற்குரியதாகிறது. எதிர்வரும் திங்கட்கிழமை மறு ஆய்வு நடைபெறும்.'

அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

"பன்னிரண்டு எப்படி இருபத்திரண்டாச்சு?" என்றார் கண்காணிப்பாளர், மெல்ல.

அக்கா தலையைச் சொறிந்தார். "அது வந்து தம்பி... பக்கத்துக் காட்டைவிட நம்ம காய் கீழே தொங்கினா அசிங்கமா இருக்காதா? அதான் வருஷா வருஷம் அரை விரல் ஏத்திக் கட்டுறது. எல்லாருந்தான்."

கண்காணிப்பாளர் தாளை எடுத்தார். 'முன்னர் தெரிவித்த கருத்து அனுபவக் குறைவால் நேர்ந்தது. நிலக்கடலை கிளையில்தான் காய்க்கிறது என்பதை இப்போது நேரில் கண்டு உணர்ந்துகொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு நூல்கண்டோடு வரப்புக்கு வந்தால், மனைவி ஏற்கெனவே குந்தி உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அக்கா காட்டுல எவ்வளவு உயரம்?"

"இருபத்திரண்டு."

"அப்ப நாம இருபத்திமூணு," என்றார் அம்மா, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.