வெள்ளாடு தின்ற முருங்கைக்கீரை

கேட்கிற கேள்வியா இது? எந்த இலையைத் தின்றால் ஆம்பளைக்கு வீரியம் ஏறும் என்று என்னிடம் வந்து நிற்கிறீர்களே, வெட்கமாக இல்லை? சரி, வந்தது வந்துவிட்டீர்கள். வெள்ளாட்டின் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்கு மீசை உண்டு, கால் இரண்டுதான். ராசிபுரத்தில் அவர் மெல்லாத ஒரே இலை வாழை இலை. அதுவும் மேலே சோறு இருந்ததால் தப்பித்தது.

போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரைவர். வருஷம் முழுக்க வடநாடு. வீட்டுக்கு வருவது பொங்கலுக்கும் ஆடிக்கும். ஊரான் காட்டிலெல்லாம் தண்ணீர் வரவைத்தவர் வீட்டில் தொட்டில் மட்டும் ஆடவில்லை. பழி முழுக்க அவர் மனைவி சரசு தலையில். மாமியார்க்காரி மகனுக்கு வேறு பெண் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஆடிக்கு வந்தவர்தான் மேயத் தொடங்கினார். காலையில் முருங்கை, மத்தியானம் தூதுவளை, சாயங்காலம் ஓரிதழ் தாமரை. அதையும் வீட்டுக்குள் தின்னமாட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் மெல்லுவார்.

"ஏனுங்கண்ணா, ஆட்டுக்குத் தழைங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆடேதுங்க? எனக்குத்தான். ஆம்பளைச் சமாச்சாரம். கொறை எம்பட பக்கமுங்க!"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கில் டீ ஏறிவிட்டது.

மாமியார்க்காரி பார்த்துவைத்த பெண்ணின் வீட்டார் வாழப்பாடியிலிருந்து வந்தார்கள். வாசலிலேயே ஒரு கட்டுக் கீரையோடு வெள்ளாடு.

"வாங்க மாமா, உக்காருங்க. வைத்தியத்துக்கு நேரமாச்சு, தின்னுட்டு வாரேன்."

"என்ன வைத்தியமுங்க மாப்பிள்ளை?"

விலாவாரியாகச் சொன்னார். காபி ஆறுவதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போனேன். தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, ஒத்துக்காததை எதுக்குத் தின்னற?"

"சேலத்து டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்லைன்னுட்டாங்க ஆயா. எங்கம்மா நம்பமாட்டேங்கறா. கொறை எனக்குன்னு ஊரே பேசுனா, எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்? சரசு நிம்மதியா இருப்பாளல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. அதை மறைக்கத் திட்டினேன்.

"அட கூறுகெட்டவனே! நீ ஒரிசாவுல, அவ ராசிபுரத்துல. கொழந்தை என்ன கொரியர்லயா வரும்? ஊட்டுல இருடா!"

ரிக் வண்டியை விட்டார். உள்ளூரிலேயே ஜவ்வரிசி மூட்டை ஏற்றும் லாரிக்குப் போனார். அடுத்த ஆடிக்கு மகள் பிறந்தாள். மூக்கு அப்படியே வெள்ளாடு.

அன்றிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் என் முந்தானையை விடவில்லை. "எந்த இலைங்க ஆயா? எங்கூட்டுக்காரருக்கும் குடுக்கோணும்."

"முருங்கைதான் அம்மிணி," என்றேன். தெருவில் இருந்த மரம் அன்றே மொட்டை.

"ஆனா ஒண்ணு. வீரியத்துக்குன்னு தின்னா வெறும் கீரை. பொண்டாட்டிக்காகத் தின்னாத்தான் உடம்புல புடிக்கும்."