ஊசி கதைத்த நாள்

நம்முடைய மனம் நம்முடைய சொல் கேட்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்த நம்பிக்கை நயினாதீவு அம்மன் கோயிலில் வைத்துப் போய்விட்டது. அந்த அதிர்ச்சி இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் நாரந்தனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். மூளை ஒரு கோட்டை, அதைச் சுற்றி மதில், உடம்பில் எந்தக் கிருமியோடு எந்தச் சண்டை நடந்தாலும் உள்ளே இருக்கும் நரம்புக்கலங்களுக்குச் சத்தம்கூடக் கேட்காது என்று கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவன். (படம் நல்ல வடிவு. பிழை என்பது மட்டும்தான் குறை.)

அப்போது எனக்குச் சுருவிலில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். பெயர் பவானி. தரகர் தந்த படத்தை ஒருமுறை பார்த்தேன். அதன்பிறகு வேறு எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று அக்காவிடம் சொல்லியும் விட்டேன். பெண்ணை நேரில் பார்ப்பதற்குக் கோயிலில் ‘தற்செயலாக’ச் சந்திப்பதுதான் எங்கள் பக்க வழக்கம். இரண்டு வீட்டாரும் மாதக்கணக்கில் திட்டம் போட்டு, ஒரே வள்ளத்தில் ஏறி, ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

நாங்கள் அப்படிப் போவதற்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் நெருப்புக்காய்ச்சல், அதாவது தைபோயிட், தடுப்பூசி போட்டார்கள். பிள்ளைகள் பயந்து அழ, நான் வீரமாகக் கையை நீட்டினேன். “நாளைக்குக் காய்ச்சல் வரலாம், வீட்டிலை படுங்கோ” என்றார் டாக்குத்தர்.

“காய்ச்சல் உடம்புக்குத்தானே டாக்குத்தர், மூளைக்கில்லையே” என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் விளங்குகிறது.

மறுநாள் குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதே கை வீங்கிக் குளிரத் தொடங்கிவிட்டது. கூட வந்தவர் அக்காவின் புருஷன், எங்கள் அத்தான். “முகத்தைச் சிரிச்ச மாதிரி வைச்சிரு” என்றார். கோயிலில் வழக்கப்படி சேட்டைக் கழற்றி வெறும் மேலோடு நின்றதும் பல்லும் பல்லும் அடித்தன. வள்ளத்தில் முதுகு மட்டும் காட்டிய பவானி அந்த நேரம் பார்த்து எதிரே வந்தாள். படத்தைவிட அழகு. அதை நான் ஒரு தூணைக் கணக்கெடுப்பதுபோல் கவனித்தேன். நெஞ்சில் ஒன்றுமே நடக்கவில்லை. இவளையா நினைத்து உருகினோம், எதற்காக? எனக்கே திகைப்பாக இருந்தது. திகைப்பதற்கும் அலுப்பாக இருந்தது.

பூசை முடிந்ததும் அவளுடைய தகப்பன், ஓய்வு பெற்ற தபாலதிபர், வழக்கப்படி தெரியாதவர்போல வந்து கேட்டார்: “தம்பி எந்த ஊர்?”

“ஏன் ஐயா, உங்களுக்குத் தெரியும்தானே” என்றது என் வாய். “உங்கடை மகளைப் பாக்கத்தான் வந்தனான். பாத்திட்டன். எனக்கு இப்ப ஒருத்தரும் வேண்டாம். ஒரு பாய் கிடைச்சால் போதும்.”

அதோடு நிற்காமல் அன்னதான மடத்துத் தரையில் போய்ச் சுருண்டு படுத்தேன். சோற்றுப் பந்திக்கு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்களாம். திரும்பும் வள்ளத்தில் அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “உன்ரை அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?”

என்ன நடந்தது என்பது பல வருடங்களுக்குப் பிறகு வாசித்துத்தான் விளங்கியது. ஊசியில் இருந்தவை செத்த கிருமிகள். அவற்றைக் கண்ட என் நிர்ப்பீடனக் கலங்கள், நோயை எதிர்க்கும் காவற்காரர்கள், ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சின்னச் சின்னப் புரதங்களை வெளியே விட்டிருக்கின்றன. சைற்றோகைன் என்று பெயர். அந்தச் செய்தி இரத்தத்தாலும் நரம்புகளாலும் மூளைக்குள் போய்விடுகிறது. அங்கே நரம்புக்கலங்கள் தங்களுக்குள் கதைக்கும் விதமே மாறுகிறது. சில இடத்தில் கதை கூடுகிறது, சில இடத்தில் அடங்கிப்போகிறது. பசி, ஆசை, ஆட்களோடு பழகும் விருப்பம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ‘சண்டை முடியும்வரை பேசாமல் படு’ என்கிறது உடம்பு. நான் கீறிய மதில் அவ்வளவு இறுக்கமானதில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. விடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. முதலில் பசி வந்தது, பிறகு வெட்கம் வந்தது, பிறகு பவானி வந்தாள், முழுதாக. சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வர, தலையைச் சுவரில் முட்டலாம் போல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சுருவிலுக்கு மிதித்தேன்.

தபாலதிபர் இருக்கக் கதிரை தரவில்லை. “நேற்று வேண்டாமெண்டனீர். இண்டைக்கென்ன?”

“ஐயா, நேற்றுக் கதைச்சது நானில்லை. ஊசி.”

“ஊசிக்கு வாயிருக்கோ?”

என் பாடப்புத்தகத்தின்படி இல்லை. வந்த வழியே போக வேண்டியதுதான் என்று திரும்பினேன். குசினிக் கதவடியில் அகப்பையோடு நின்ற பவானி அப்போதுதான் முதன்முதலாக என்னோடு கதைத்தாள்.

“அப்ப இண்டைக்குக் கதைக்கிறது ஊசி இல்லையெண்டு நான் என்னெண்டு நம்புறது?”

“காய்ச்சல் இல்லை. வேணுமெண்டால் தொட்டுப் பாரும்” என்று சொன்ன பிறகுதான், யாருக்கு முன்னால் யாரைப் பார்த்து என்ன சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. தபாலதிபர் எழும்பிவிட்டார். இனி அடிதான் என்று நினைத்தேன்.

அவள் நேரே நடந்து வந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“சூடில்லை அப்பா” என்றாள். “உண்மையாத்தான் கேக்கிறார்.”

தபாலதிபர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். கலியாணம் நடந்தது. காணி வாங்கப் போனாலும் சரி, பிள்ளைக்குப் பெயர் வைக்க நினைத்தாலும் சரி, என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் என் அபிப்பிராயம் எங்கள் வீட்டில் செல்லாது. போன வருடம் எங்கள் மகளைத் தனக்குத் தரச்சொல்லி ஒரு பெடியன் வந்தான். பவானி எழும்பிப்போய் அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். ஆசீர்வாதம் என்று நினைத்து அவன் காலில் விழுந்துவிட்டான்.