மகளுக்குக் கட்டிய போர்வெல் கயிறு

ஜாக்கிரதையாக இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க இந்த உலகத்தில் யாருக்கும் கூச்சமே கிடையாது. விபத்து நடந்தால் "முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா?" என்பார்கள். முன்னாடியே பார்த்தால் "இவங்களுக்கு எப்பவும் டென்ஷன்" என்பார்கள். கப்பலில் நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை ஒரு நகைச்சுவைக் காட்சியாக என் கணவர் செஞ்சி பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதை ஒத்துக்கொள்ள முடியாது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் கணவர் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். போர்வெல்லுக்குள் இறக்குகிற நீர்மூழ்கி மோட்டார்தான் முக்கிய வியாபாரம். தொண்டூரிலோ அவலூர்பேட்டையிலோ தண்ணீர் கீழே போய்விட்டால் முதலில் அடிப்பது அவர் போன்தான். அந்த வருஷம் விற்பனை அமோகம் என்று கம்பெனிக்காரர்கள் டீலர்களைக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனார்கள். (ஊரில் தண்ணீர் கீழே போகப் போக, நாங்கள் தண்ணீருக்கு மேலே போனோம். இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

மறுநாள் காலை அறைக் கதவுக்கடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைய நிகழ்ச்சிகளில் ஒன்று, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்கூபா டைவிங் அறிமுகப் பயிற்சி. கப்பலின் நீச்சல் குளத்திலேயே. என் மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷமாகக் கடலுக்கடியில் எடுத்த வீடியோக்களைப் பார்த்தே வளர்ந்தவள். தாளைப் படித்ததும் சாப்பாட்டை மறந்துவிட்டாள். தீபாவளிக்குத் துணி வேண்டாம், பிறந்தநாளுக்கு ஒன்றும் வேண்டாம், இது ஒன்று போதும் என்றாள். தம்பி கவினுக்குப் பத்து வயது முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா செய்தால் அவனும் செய்தாக வேண்டும்.

பெற்றோர் சம்மதப் படிவத்தில் என் கணவர் ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற வேகத்தில் கையெழுத்துப் போட்டார். எட்டு வரி இருந்தது. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கேட்டதற்கு, அவ்வளவு பெரிய கப்பலை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குளத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்றார். தட்டில் நான்காவது பூரி இருந்தது.

ஆக, குழந்தைகளின் பாதுகாப்பு என் தலையில் விழுந்தது. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். முறையாகத்தான் தொடங்கினேன். இருபத்திரண்டு கேள்விகளை ஒரு மதிப்பெண், மூன்று மதிப்பெண், விரிவான விடை என்று பிரித்து எழுதிக்கொண்டு பயிற்சியாளரைத் தேடிப் போனேன்.

பயிற்சியாளர் மெர்சி. ராமேசுவரம் பக்கம். முப்பது வயது இருக்கும். எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். பிள்ளை எப்போதும் அவர் கையெட்டும் தூரத்தில்தான். சிலிண்டரைக் காலையிலேயே சோதித்தாயிற்று. சளி, காதுவலி, இழுப்பு இருந்தால் சேர்ப்பதில்லை. குளம் ஏழடி. முழு மதிப்பெண். எனக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான். முழு மதிப்பெண் எடுக்கிற விடைத்தாளை இரண்டு தடவை திருத்துகிறவள் நான்.

"எல்லாம் சரிம்மா. கயிறு எங்கே?" என்றேன்.

"என்ன கயிறு மேடம்?"

எங்கள் கடையில் கயிறு கட்டாமல் ஒரு மோட்டாரைக்கூடப் போர்வெல்லில் இறக்க மாட்டார்கள். குழாய் விட்டுப்போனாலும் நைலான் கயிறு மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும். கயிறு இல்லாமல் இறக்கிய மெக்கானிக்கை என் கணவர் பாதி பஜார் கேட்கத் திட்டியிருக்கிறார். ஒரு வருஷ வாரண்டி உள்ள இரும்புக்குக் கயிறு உண்டு, பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளைக்குக் கிடையாதா? மெர்சியிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குளத்துக்குள் கயிறு ஆபத்து, கட்டவே கூடாது என்றார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பரீட்சையில் "காரணம் கூறுக" என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளை அழவைத்தவள், அன்று கேட்கவில்லை.

என் கணவரிடம் நியாயம் கேட்டேன். "இன்னா டீச்சர், நம்ம வூட்டு தண்ணி சம்ப்பே எட்டடி இருக்குது" என்றார். (கோபம் வரும்போதும் கேலி வரும்போதும் நான் அவருக்கு டீச்சர்.)

எங்கள் பெட்டியில் கடையிலிருந்து எடுத்த நீல நைலான் கயிறு ஒன்று இருந்தது. துணி காயப்போடக் கொண்டுபோனது. வெளியூர் போகும்போது கயிறு எடுத்துப்போகாத குடும்பமும் உண்டா?

உடை மாற்றுகிற அறையில் யாழினியின் நீச்சல் உடைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அந்த அக்கா வேணாம்னு சொன்னாங்க இல்ல?"

"நீ அவங்க பொண்ணா, என் பொண்ணா?"

என் கையை விட்டுவிட்டாள். மெர்சியிடம் சொன்னால் பயிற்சியே ரத்தாகிவிடும் என்று பயந்தாள். அந்தப் பயத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன். இன்றைக்கும் என்னைக் குத்துகிற இடம் அதுதான்.

குளத்து ஓரத்தில் உட்காரவைத்து மெர்சி மிதக்கவைக்கிற காற்றுச் சட்டையையும் சிலிண்டரையும் மாட்டி, மூச்சு விடுகிற குழாயை வாயில் வைத்துவிட்டார். நான் பெரிய துண்டோடு பின்னாலேயே நின்றேன், பாசமான அம்மா மாதிரி. நீலத் தண்ணீரில் நீலக் கயிறு. மறுமுனை துண்டுக்கடியில், என் மணிக்கட்டில் மூன்று சுற்று.

இருவரும் இறங்கினார்கள். தரையில் முழங்கால் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வந்தன. ஐந்து நிமிஷம் போனது. என் கணவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே தோன்றிய நேரத்தில், என் மகள் வாயிலிருந்து அந்தக் குழாயைக் கழற்றினாள்.

தானாகவே. ஏழடி ஆழத்தில். அந்த மெர்சி எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இழுத்தேன். மோட்டாரை ஏற்றுகிற மாதிரி, காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தேன். யாழினி தரையைவிட்டு எழும்பினாள். மெர்சி அவள் சட்டை வாரைப் பிடித்துக் கீழே நிறுத்தினார். நான் இன்னும் பலமாக இழுத்தேன். அவர் விடவில்லை. பெற்ற பிள்ளையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறாள் ஒருத்தி. கப்பலில் முந்நூறு பேர் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். ஈரத் தரையில் என் கால் வழுக்கியது. மூன்று சுற்றுக் கயிறோடு, சுடிதாரோடு, கண்ணாடியோடு தலைகுப்புற உள்ளே விழுந்தேன்.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தபோது என் மகள் வாய்க்குழாயைத் திரும்ப மாட்டிக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடி விரிய மேலிருந்து இறங்கிவரும் அம்மாவைக் கண்டு அவள் பதறவில்லை. மெர்சி சொல்லிக்கொடுத்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தாள். எனக்கு நீச்சல் தெரியும். ஆனாலும் என் கணவர் சட்டையோடு குதித்து என்னைத்தான் காப்பாற்றினார். (அதையும் கணக்கில் சேர்த்துத்தான் கதை சொல்கிறார்.)

கரையேறியதும் மெர்சி முதலில் யாழினியைப் பேசச் சொன்னார், இருமச் சொன்னார், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு கயிற்றைக் கையில் எடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"மேடம், வாய்க்குழாயைக் கழட்டி மாட்டுறதுதான் பயிற்சியே. உள்ளே இழுக்கிறது அழுத்தத்துல இருக்கிற காத்து. பயத்துல மூச்சைப் பிடிச்சிட்டு சடார்னு மேல வந்தா அந்தக் காத்து விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும். அதுக்கு இந்த ஏழடியே போதும். இன்னைக்கு இந்தக் குளத்துல இவளுக்கு இருந்த ஒரே ஆபத்து நீங்கதான்."

அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு கூடும். பிளஸ் ஒன் பாடம். வருஷா வருஷம் கரும்பலகையில் வளைகோடு வரைந்து காட்டுகிறேன். இதை எழுதாத பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையில் "அடிப்படையே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

கப்பல் மருத்துவர் யாழினியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். அப்புறம்தான் கோபம் திரும்பி வந்தது. வாயிலிருந்து குழாயைக் கழற்றச் சொல்வோம் என்று பெற்றவளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் என்ன? இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னவருக்கு இருபத்துமூன்றாவதை நானாகக் கேட்கவேண்டும் என்று விதியா? மெர்சியிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது நியாயம்தான் மேடம்" என்றார். குறித்துக்கொள்ளுங்கள். என் கணவர் சொல்கிற கதையில் இந்த வாக்கியம் வராது.

யாழினி மறுநாள் மீதிப் பயிற்சியை முடித்தாள். கவினும் செய்தான். இரண்டுக்கும் மெர்சி ஒரே நிபந்தனைதான் போட்டார்: அம்மா அந்தத் தளத்திலேயே இருக்கக் கூடாது. இரண்டு மாடி கீழே, ஜன்னல் இல்லாத எங்கள் அறையில், கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அது எந்தப் பயிற்சியைவிடவும் கஷ்டம். அதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

அடுத்த வருஷம் வேறொரு டீலரின் மனைவி அதே கப்பலிலிருந்து சம்மதப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினார். எட்டு வரி பத்து வரியாகியிருந்தது. பிள்ளைகள் பயிற்சிக்காக வாய்க்குழாயைக் கழற்றி மாட்டுவார்கள் என்று ஒரு வரி. பெற்றோர் பிள்ளைகளின் உடலில் கயிறு முதலிய எதையும் கட்டக் கூடாது என்று அடுத்த வரி. என் கணவர் இரண்டாவது வரியை மட்டும் வெட்டியெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், போவதற்கு முன் என் எதிரில் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், இடுப்பில் கயிறு கட்டிவிடச் சொல்லி. போன மாதம் யாழினி பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பினாள். பஸ் நிலையத்தில், அவள் ஆசிரியைகள், மாணவிகள் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் போட்டேன். கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்தும் விடவில்லை. இப்போது அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.